ஒரு கப் யோகட்டும் ஒரு அரசும்: விக்டர் கோர்ச்னோயை எப்படி வாசிக்கிறது?

செஸ் வரலாறு பற்றி யாரோடு கதைத்தாலும் கொஞ்ச நேரத்தில் யோகட் கதை வந்துவிடும். 1978 ஆம் ஆண்டு, பிலிப்பைன்ஸின் பாகியோ நகரம், உலக சம்பியன் பட்டத்துக்கான போட்டி. இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சம்பியன் அனதோலி கார்ப்போவுக்கு அவருடைய ஆட்கள் ஒரு கப் யோகட் அனுப்புகிறார்கள். எதிரே இருந்த விக்டர் கோர்ச்னோயின் தரப்பு உடனே முறைப்பாடு எழுதுகிறது. எந்த நேரத்தில், என்ன நிறத்தில் யோகட் வருகிறது என்பதே ஒரு இரகசியச் செய்தியாக இருக்கலாமாம். அது பகிடிக்கு எழுதின முறைப்பாடு என்று பிறகு சொன்னார்கள். ஆனால் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்து முடிந்துவிட்டது.

எங்களில் இரண்டு பேர் ஸ்கூல் செஸ் டீமில் இருந்தவர்கள். அவர்களுக்கும் கோர்ச்னோய் எண்டா இந்தக் கதைதான். யோகட்டுக்குச் சண்டை பிடித்த ஒரு விசர் மனிசன், கடைசியில் தோற்றுப்போனார், அவ்வளவுதான். நாங்களும் சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் அவரைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினபோது ஒரு விஷயம் உறுத்தியது. அந்த யோகட் பாகியோ மண்டபத்துக்குள் வந்த நேரம், கோர்ச்னோயின் மனைவியும் மகனும் சோவியத் யூனியனை விட்டு வெளியேற வழியில்லாமல் லெனின்கிராட்டில் இருந்தார்கள். அடுத்த வருடமே மகன் சிறைக்குப் போனார். யோகட் கதை தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த மகனின் கதை தெரியும்?

ஆகவே இதில் ஒரு கிராண்ட்மாஸ்டரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறோம். அதில் எதைச் சிரிப்பாக நினைவு வைத்திருக்கிறோம், எதை விட்டுவிட்டோம் என்பதையும் சேர்த்துத்தான்.

125 கிராம் பாண்

கோர்ச்னோய் 1931 மார்ச் 23 இல் லெனின்கிராட்டில் பிறந்தார். இன்றைக்கு அந்த நகரம் சென் பீற்றர்ஸ்பேர்க். 1941 செப்டெம்பரில் ஜெர்மன் படைகள் நகரத்தைச் சுற்றி வளைத்தபோது அவருக்குப் பத்து வயது. முற்றுகை 1944 ஜனவரி வரை, 872 நாட்கள் நீடித்தது. முதல் குளிர்காலத்தின் மிக மோசமான வாரங்களில் சிறுவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் பாண். அதுவும் மாவோடு வேறு என்னென்னவோ கலந்து சுட்ட பாண். பசியாலும் குளிராலும் இலட்சக்கணக்கான சனம் செத்துப்போனது. கோர்ச்னோயின் தந்தையும் 1941 இல் இறந்துபோனார். பெடியனைத் தன் பிள்ளையாக ஏற்று வளர்த்தவர் தந்தையின் இரண்டாவது மனைவி.

முற்றுகை முழுதாக விலக முதலே, 1943 இல், நகரத்துப் பயனியர் மாளிகையின் செஸ் கழகத்தில் அவர் சேர்ந்தார். 1947 இல் சோவியத் இளையோர் சம்பியன். பிறகு லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் படித்த பாடம், எங்களில் சிலர் படிக்கிற அதே பாடம்: வரலாறு. 1956 இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது.

அவருடைய ஆட்டத்தை இந்தச் சின்ன வயசோடு சேர்த்து வாசிக்கிறவர்கள் பலர். எங்களுக்கு அதில் கொஞ்சம் தயக்கம் இருக்கு, ஏனெண்டா எல்லாத்தையும் பிள்ளைப்பருவத்தால் விளக்குவது லேசான வேலை. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் எடுக்கப் பயப்படுகிற சிப்பாயை அவர் எடுப்பார். எடுத்துவிட்டு, வருகிற அடியை எல்லாம் தாங்கிக்கொண்டு இருப்பார். எதிராளி களைத்துப்போன நேரம் பார்த்துத் திருப்பி அடிப்பார். தாக்குதல் ஆட்டத்துக்குப் பேர்போன முன்னாள் உலக சம்பியன் மிகையில் தாலுக்கே கோர்ச்னோயோடு விளையாடுவது பெரிய தலையிடியாக இருந்தது.

அரசாங்க உத்தியோகம்

சோவியத் யூனியனில் செஸ் என்பது பொழுதுபோக்கு அல்ல. 1920 களிலேயே நிக்கொலாய் கிரிலென்கோ என்ற பொல்ஷவிக் தலைவரின் பொறுப்பில் அரசு அதை ஒரு திட்டமாக எடுத்துக்கொண்டது. தொழிற்சாலைகளிலும் பாடசாலைகளிலும் கழகங்கள் உருவாகின. 1925 இல் மொஸ்கோவில் அரசின் செலவில் சர்வதேசப் போட்டி நடந்தது. (அதே கிரிலென்கோ 1938 இல் ஸ்டாலினின் களையெடுப்பில் சுடப்பட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கோ.) 1948 இல் மிகையில் போட்வினிக் உலக சம்பியன் ஆனதிலிருந்து 1972 வரை பட்டம் சோவியத் வீரர்களின் கையை விட்டுப் போகவே இல்லை.

முன்னணி வீரர்களுக்கு அரசு மாதக் கொடுப்பனவு கொடுத்தது. பயிற்சியாளர்களைக் கொடுத்தது. வெளிநாடு போகும் வாய்ப்பையும் கொடுத்தது. சாதாரண சோவியத் குடிமகனுக்குக் கனவிலும் கிடைக்காத சலுகை அது. ஆனால் கொடுத்த கை எடுக்கவும் செய்யும். யார் எந்தப் போட்டிக்குப் போகலாம், யார் போகக்கூடாது என்று தீர்மானித்தது விளையாட்டுக் குழுவின் அதிகாரிகள். சுருக்கமாச் சொன்னா, கிராண்ட்மாஸ்டர் என்பதும் ஒரு அரசாங்க உத்தியோகம்.

அந்த அமைப்புக்குள் கோர்ச்னோய் நன்றாகவே மேலே வந்தார். நான்கு முறை சோவியத் சம்பியன்: 1960, 1962, 1964-65, 1970. அந்தக் காலத்தில் சோவியத் சம்பியன்ஷிப் உலகத்தின் மிகக் கஷ்டமான போட்டிகளில் ஒன்று. 1968 இல் உலகப் பட்டத்துக்குச் சவால் விடுகிறவரைத் தெரிவு செய்யும் தொடரின் இறுதி வரை போய் போரிஸ் ஸ்பாஸ்கியிடம் தோற்றார். இந்த வருடங்களில் அவர் ஒரு அரசியல் எதிர்ப்பாளர் இல்லை. வாய் கொஞ்சம் கூட, கோபம் கெதியில் வரும், அதிகாரிகளோடு ஒத்துப்போக மாட்டார். அவ்வளவுதான்.

1974: இரண்டு சோவியத் வீரர்கள், ஒரு தெரிவு

1972 இல் அமெரிக்காவின் பொபி ஃபிஷர் ஸ்பாஸ்கியை வென்று பட்டத்தைக் கொண்டுபோனது சோவியத் அதிகாரிகளுக்குப் பெரிய அவமானம். அதைத் திருப்பி எடுக்க ஒரு ஆள் வேண்டும். 1974 இல் மொஸ்கோவில் நடந்த தெரிவுத் தொடரின் இறுதிப்போட்டியில் இரண்டு பேர் எதிரெதிரே இருந்தார்கள். ஒருவர் 43 வயதுக் கோர்ச்னோய். மற்றவர் 23 வயதுக் கார்ப்போவ்.

அரசும் செஸ் நிர்வாகமும் கார்ப்போவின் பக்கமே நின்றன, தனக்கு உதவ வருகிறவர்களையும் தடுத்தார்கள் என்பது கோர்ச்னோயின் குற்றச்சாட்டு. இதைக் கேட்கும்போது கார்ப்போவுக்கும் நியாயம் செய்யவேண்டும். அவர் யாரோ தூக்கிவிட்ட பொம்மை இல்லை. அடுத்த பத்து வருடம் பெரிய பெரிய போட்டிகளை வரிசையாக வென்று, தான் யாரென்று காட்டினார். அந்த 24 ஆட்டங்களில் 17 ஆட்டம் முடியும்போது கார்ப்போவ் மூன்றுக்குப் பூச்சியம் என்று முன்னுக்கு நின்றார். கோர்ச்னோய் 19 ஆவதையும் 21 ஆவதையும் வென்று கிட்ட வந்தார். முடிவு: கார்ப்போவ் 3 வெற்றி, கோர்ச்னோய் 2, சமநிலை 19.

ஃபிஷர் தன்னுடைய நிபந்தனைகளை ஏற்காவிட்டால் விளையாட மாட்டேன் என்று நின்றார். அதனால் 1975 ஏப்ரலில், ஒரு ஆட்டமும் விளையாடாமலேயே கார்ப்போவ் உலக சம்பியன் ஆனார். அதாவது 1974 இல் மொஸ்கோவில் நடந்ததுதான் உண்மையில் பட்டத்துக்கான போட்டியாகப் போய்விட்டது. அந்த ஒரு ஆட்ட வித்தியாசம் கோர்ச்னோயின் மிச்ச வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்தது.

தோற்ற பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரிப் போயிருக்கும். அவர் ஒரு யூகோஸ்லாவியப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, கார்ப்போவின் ஆட்டத்தைக் குறைத்துச் சொன்னார். விளைவு உடனே வந்தது. கொடுப்பனவில் வெட்டு, வெளிநாட்டுப் போட்டிகளுக்குத் தடை. செஸ் வீரருக்குப் போட்டி இல்லையெண்டா மீனவருக்குக் கடல் இல்லாத மாதிரி. அதுவும் 44 வயதில், இன்னும் எத்தனை நல்ல வருடம் மிச்சம் என்று எண்ணத் தொடங்கிற வயசில்.

அம்ஸ்டர்டாமில் ஒரு பொலிஸ் நிலையம்

தடை தளர்ந்து, 1976 யூலையில் நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமில் நடந்த போட்டிக்குப் போகவிட்டார்கள். இங்கிலாந்தின் ரோனி மைல்ஸோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆங்கிலத்தில் ‘அரசியல் தஞ்சம்’ என்பதை எப்படி எழுதுவது என்று மைல்ஸிடமே கேட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். போட்டி முடிந்ததும் அவர் சோவியத் தூதரகத்துக்கோ விமான நிலையத்துக்கோ போகவில்லை. பொலிஸ் நிலையத்துக்குப் போனார்.

மனைவியையும் மகனையும் லெனின்கிராட்டில் விட்டுவிட்டுத்தான் போனார். இதை மெதுவாகச் சொல்லி ஒளிக்கேலாது. அவரை வீரராகப் போற்றுகிற கட்டுரைகளில் இந்த வரி சின்னதாகவே வரும். அவரைத் துரோகி என்று எழுதினவர்களோ இதை மட்டுமே எழுதினார்கள்.

நாட்டில் உடனே ஒரு கண்டனக் கடிதம் தயாரானது. முப்பதுக்கு மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். போட மறுத்தவர்கள் சிலர்தான்: போட்வினிக், ஸ்பாஸ்கி, டேவிட் புரொன்ஸ்டைன், பொரிஸ் குல்கோ. முதல் இரண்டு பேரும் உலக சம்பியனாக இருந்தவர்கள், அவர்களைத் தொடுவது கஷ்டம். புரொன்ஸ்டைன் கொடுப்பனவையும் மேற்கு நாடுகளுக்குப் போகும் அனுமதியையும் இழந்தார். ஒரு ஆள் எல்லை தாண்டினதுக்கு, தாண்டாத ஆட்கள் கட்டின விலை இது. கையெழுத்துப் போட்ட மற்றவர்களை இன்றைக்கு இங்கே இருந்து திட்டுவது சுகம். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது, அடுத்த போட்டி இருந்தது.

அதற்குப் பிறகு கோர்ச்னோய் அழைக்கப்பட்ட போட்டிகளுக்குச் சோவியத் வீரர்கள் வரமாட்டார்கள். சம்பியன், முன்னாள் சம்பியன் எல்லாம் வேண்டுமென்றால் போட்டி நடத்துகிறவர் கோர்ச்னோயைக் கூப்பிடாமல் விடவேண்டும். பலர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் உலகப் பட்டத்துக்கான தெரிவுத் தொடரில் அந்தப் புறக்கணிப்பு எடுபடாது. அங்கே விளையாடாமல் விட்டால் எதிராளிக்கு வெற்றி. 1977-78 இல் அவர் வரிசையாகப் பெட்ரோசியான், பொலுகயேவ்ஸ்கி, ஸ்பாஸ்கி மூன்று பேரையும் வென்றார். மூன்று பேருமே சோவியத் வீரர்கள், அதில் இரண்டு பேர் முன்னாள் உலக சம்பியன்கள். 46 வயதில், நாடில்லாத ஆளாக, உலக சம்பியனுக்குச் சவால்காரர் ஆனார்.

பாகியோ

இப்ப யோகட்டுக்கு வருவோம். 1978 யூலையில் தொடங்கின போட்டியில் முதலில் ஆறு ஆட்டம் வெல்கிறவர் சம்பியன். சமநிலைகள் கணக்கில் இல்லை. கொடி வைப்பதில் சண்டை. கதிரைகளைச் சோதிப்பதில் சண்டை. சோவியத் குழுவோடு வந்த விளாடிமிர் ஸுஹார் என்ற உளவியலாளர் முன்வரிசைகளில் இருந்து கோர்ச்னோயையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ச்னோய் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளக்கிற கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். எட்டாவது ஆட்டத்தில் கார்ப்போவ் கைகொடுக்க மறுத்தார். பிறகு கோர்ச்னோய் ஆனந்த மார்க்க இயக்கத்தின் இரண்டு பேரைத் தியானம் பழக்கக் கூட்டி வந்தார். அவர்கள் கொலை முயற்சி வழக்கொன்றில் பிணையில் இருந்தவர்கள்! நாடகத்துக்கு எழுதினாலும் நம்பமாட்டார்கள்.

ஆனால் பலகையில் நடந்ததைப் பாருங்கோ. ஐந்தாவது ஆட்டம் 124 நகர்த்தல்கள் வரை போய்ச் சமநிலையில் முடிந்தது. கையில் இருந்த வெற்றியைக் கோர்ச்னோய் தவறவிட்ட ஆட்டம் அது. 27 ஆவது ஆட்டம் முடியும்போது கார்ப்போவ் 5, கோர்ச்னோய் 2. இன்னும் ஒன்றே ஒன்று வென்றால் கார்ப்போவுக்குக் காணும். கோர்ச்னோய் 28 ஐ வென்றார். 29 ஐ வென்றார். 30 சமநிலை. 31 ஐயும் வென்றார். ஐந்துக்கு ஐந்து. 47 வயது மனிசன், மூன்று மாதம் கழித்து, தன்னைவிட 20 வயது இளையவரிடமிருந்து நான்கு ஆட்டத்தில் மூன்றைப் பறித்தார்.

32 ஆவது ஆட்டத்தைக் கார்ப்போவ் வென்றார். ஸுஹார் திரும்பவும் முன்வரிசைக்கு வந்துவிட்டார் என்று கோர்ச்னோய் தரப்பு முறைப்பாடு செய்தது. முடிவு மாறவில்லை.

இந்த நேரம் முழுக்கக் கோர்ச்னோய் தன் குடும்பத்தை விடச்சொல்லிப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய குழுவை வழிநடத்தினவர் பெத்ரா லேவெரிக். சோவியத் முகாமில் 10 வருடம் கழித்துவிட்டு வந்த பெண். முறைப்பாடுகள் பல அந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று மேற்கத்தேயப் பத்திரிகைகள் பகிடி பண்ணின. வர்குட்டா முகாமில் 10 வருடம் இருந்த ஒரு ஆளுக்குச் சோவியத் அதிகாரிகள் அனுப்புகிற எந்தச் சாமானைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். அது பைத்தியம் இல்லை, அனுபவம். இதை விளங்கிக்கொண்ட பிறகு எங்களுக்கு யோகட் கதை முந்தின மாதிரிச் சிரிப்பாக இல்லை.

இரண்டரை வருடம்

மகனின் கதை இதுதான். வெளியேற அனுமதி கிடைக்காத அவரை இராணுவ சேவைக்கு அழைத்தார்கள். அந்தக் காலத்தில் இராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவரை, இரகசியங்கள் தெரியும் என்று சொல்லிப் பல வருடம் வெளியே விடாமல் வைத்திருக்கலாம். அவர் போகாமல் மறைந்து திரிந்தார். 1979 இல் பிடிபட்டார். தீர்ப்பு: கட்டாய உழைப்பு முகாமில் இரண்டரை வருடம். சட்டப்படி பார்த்தால் குற்றம் இராணுவத்துக்குப் போகாதது. ஆனால் அவருடைய தகப்பன் வேறு ஒரு ஆளாக இருந்திருந்தால் இந்த வழக்கு இப்படி வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

1981 இல் இத்தாலியின் மெரானோவில் கோர்ச்னோய் இரண்டாவது தடவையாகக் கார்ப்போவோடு பட்டத்துக்கு விளையாடினார். சர்வதேச செஸ் சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஐஸ்லாந்து கிராண்ட்மாஸ்டர் ஃபிரிட்ரிக் ஒலாஃப்சன், குடும்பத்தின் பிரச்சினையைத் தீர்க்கச்சொல்லிப் போட்டியைத் தள்ளி வைத்துப் பார்த்தார். சோவியத் தரப்பு எதிர்த்தது. கடைசியில் ஒக்டோபர் 1 இல் தொடங்கியது, மகன் முகாமில் இருக்கும்போதே. கார்ப்போவ் 6, கோர்ச்னோய் 2. பாகியோவின் கோர்ச்னோய் அங்கே இல்லை.

50 வயது என்பது ஒரு காரணம். கார்ப்போவ் அந்த வருடம் மிக நன்றாக விளையாடினார் என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை எந்த ஸ்கோர் தாளிலும் எழுதமாட்டார்கள். 1982 இல் மகன் தண்டனை முடிந்து வெளியே வந்தார். அதே வருடம் குடும்பம் நாட்டை விட்டு வெளியேற அனுமதி கிடைத்தது. தகப்பன் இனி உலக சம்பியன் ஆக வாய்ப்பு இல்லை என்று ஏறத்தாழ உறுதியான பிறகு. குடும்பம் முன்பு மாதிரிச் சேரவில்லை. கோர்ச்னோய் பின்னாளில் பெத்ராவைத் திருமணம் செய்தார்.

அதற்குப் பிறகும் விளையாடினார்

1983 இல் தெரிவுத் தொடரின் அரையிறுதியில் 20 வயதுக் காரி கஸ்பரோவ் அவருக்கு எதிராளி. இடம் அமெரிக்காவின் பசடீனா என்று முடிவானபோது சோவியத் சம்மேளனம் அனுப்ப மறுத்தது. விதிப்படி கோர்ச்னோய்க்கு வெற்றி. பேசாமல் அதை எடுத்துக்கொண்டு இறுதிக்குப் போயிருக்கலாம். அவர் போட்டியைத் திரும்ப நடத்தச் சம்மதித்தார். ஏழு வருடமாக அவரை ஒதுக்கின புறக்கணிப்பும் அந்தப் பேச்சுவார்த்தையோடு முடிவுக்கு வந்தது. இலண்டனில் கோர்ச்னோய் முதல் ஆட்டத்தை வென்றார், ஆனால் போட்டியை 7-4 என்று கஸ்பரோவ் வென்றார். இரண்டு வருடத்தில் அந்தப் பெடியன் கார்ப்போவையே தோற்கடித்து உலக சம்பியன் ஆனார்.

1990 இல் சோவியத் அரசு பறித்த குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அவர் திரும்பிப் போய் வாழவில்லை, சுவிற்சர்லாந்திலேயே இருந்தார். அடுத்த வருடம் அந்த அரசே இல்லாமல் போனது. கோர்ச்னோய் விளையாடிக்கொண்டிருந்தார். 2006 இல் மூத்தோர் உலக சம்பியன். 2011 ஜனவரியில், 79 வயதில், ஜிப்ரால்டரில் 18 வயது ஃபபியானோ கருவானாவை வென்றார். அந்தக் கருவானா 2018 இல் உலகப் பட்டத்துக்கே விளையாடினவர். அதே 2011 இல், 80 வயதில், சுவிஸ் சம்பியன். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்த பிறகும் 2015 இல் சூரிச்சில் தன் வயசொத்த வொல்ஃப்காங் ஊல்மனோடு விளையாடினார். 2016 யூன் 6 இல் இறந்தார்.

உலக சம்பியன் ஆகாதவர்களில் மிகச் சிறந்த வீரர் என்று அவரைச் சொல்வார்கள். அது பாராட்டுத்தான், ஆனால் அதிலும் ஒரு குறை இருக்கு. அவர் வாழ்க்கையை ஒரு பட்டம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் அளக்கிறது. அவருடைய சுயசரிதை அவர் பக்கத்தைச் சொல்கிறது, கார்ப்போவ் தன் பக்கத்தைச் சொல்கிறார். இரண்டையும் வைத்துப் பார்க்கலாம், வரலாறு படிக்கிற எங்களுக்கு அது பழக்கம். ஆனால் முகாமில் இரண்டரை வருடம் இருந்த மகனின் பக்கத்தையும், கையெழுத்துப் போட மறுத்து வீட்டோடு இருந்த புரொன்ஸ்டைனின் பக்கத்தையும் நாங்கள் தேடித்தான் போகவேண்டியிருந்தது. யோகட் கதை தேடாமலேயே வந்தது.

போனது சரியா பிழையா என்று எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை. இதை எழுதும்போதே இரண்டு தரம் சண்டை பிடித்தோம். ஒருவர் சொன்னார், விளையாட விடாத நாட்டில் அவர் என்ன செய்திருக்கேலும் எண்டு. இன்னொருவர் கேட்டார், அந்தப் பெடியனிடம் யாராவது கேட்டார்களா எண்டு. இரண்டுக்கும் எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஒன்றை மட்டும் முடிவெடுத்தோம். அடுத்த தடவை யாராவது யோகட் கதையைச் சொல்லிச் சிரித்தால், நாங்களும் சிரிப்போம், அது சிரிப்பான கதைதான். சிரித்து முடிய மகனின் கதையையும் சொல்லுவோம்.